ஊஞ்சலில் ஆடிய தசை

ஆயுத பூஜையன்று எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது அந்தத் திருச்சி ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அனந்தபத்மநாபன் போட்ட சட்டம். ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு வருஷம் ஃப்ரிட்ஜுக்கும் சந்தனம் வைத்துப் பிளக்கைப் பிடுங்கியவர். உள்ளே இருந்த மருந்தெல்லாம் வீணாய்ப் போயும் சட்டம் மாறவில்லை.

இந்த வருஷம் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் ஆராய்ச்சி மாணவி ஆஷ்லி. அவள் வளர்த்துக்கொண்டிருந்தது தசை. கூழில் விதைத்த செல்களை ஒரு சின்ன மோட்டார் இழுத்து இழுத்து விடும். இழுக்கிற பக்கமாகவே அவை வரிசை கட்டி நின்று தசையாகும். பக்கத்தில் இழுக்காமல் விட்ட இன்னொரு தட்டு. அது தாறுமாறாகக் கிடந்தால்தான், இழுத்ததால் விளைந்தது இது என்று நிரூபிக்க முடியும். அவளுடைய டாக்டர் பட்டமே அந்தச் சோம்பேறித் தட்டை நம்பி இருந்தது.

"மோட்டாரை நிறுத்தினா தசை வீணாப் போயிடும் சார்."

"கருவின்னா ஒருநாள் ஓய்வு குடுக்கணும்மா."

தென்னூரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற ஆஷ்லிக்கு அந்த நேரத்தில் யார் புத்தி கொடுத்தார்களோ. "இது கருவி இல்லைங்க சார். ஊஞ்சல். முன்னாடி போயிட்டுப் பின்னாடி வருது பாருங்க. ஊஞ்சல் சேவை மாதிரிதான்."

இயக்குநர் குனிந்து பார்த்தார். வருஷா வருஷம் ஸ்ரீரங்கம் கோயிலில் நம்பெருமாள் ஊஞ்சலில் ஆடுவதைக் கூட்டத்தில் முண்டியடித்துச் சேவிக்கிறவர். அவர் கண் நிறைந்துவிட்டது.

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ? சேவையை நிறுத்தினா அபசாரம். நீ ஆத்துக்குப் போம்மா. லீவு முடியறவரை சாவி என்கிட்ட இருக்கட்டும். நானே பாத்துக்கறேன்."

ஆஷ்லி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

லீவு முடிந்து வந்து பார்த்தால், மெஷினைச் சுற்றித் துளசி மாலை. தசை ஜம்மென்று வளர்ந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. சோம்பேறித் தட்டைத் தேடினாள். இடத்தில் காணோம். மெஷினில் காலியாக இருந்த இன்னொரு கொக்கியில் அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், இதை யாரு மாட்டினது?"

"நான்தான். பாவம், ஒண்ணு ஊஞ்சல்ல ஆடறது, இன்னொண்ணு ஓரமாப் பாத்துண்டிருக்கு. சேவைல பாரபட்சம் கூடாதும்மா. அன்னிக்கே ஏத்திட்டேன். ரெண்டும் எவ்வளவு நன்னா வந்திருக்கு பாரு."

இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. எதை எதோடு ஒப்பிட்டு எதை நிரூபிப்பது? முதலிலிருந்து தொடங்கி, அடுத்த ஆயுத பூஜைக்குள் முடித்தால்தான் உண்டு. ஊஞ்சல் என்று சொன்ன வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

இயக்குநர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் இப்படித்தாம்மா கண் நெறைஞ்சுது" என்றார்.