மார்பில் இறங்கிய கியர்பாக்ஸ்

என் புருஷனுக்கு அந்தப் பழைய ஜீப் மேல் உயிர். கை மட்டும் என் மேல் நீளும். கியர்பாக்ஸை வீட்டு வாசலிலேயே கழற்றிவிடலாம் என்று என் அண்ணனை உதவிக்கு அழைத்திருந்தார்.

அண்ணன் லாரி மெக்கானிக். "மாப்ளே, கியர்பாக்ஸ் பின்னாடி ஒட்டியிருக்கிற ஃபோர்வீல் பெட்டியை முதல்ல தனியா எடுத்துடுவோம். ரெண்டும் சேர்ந்தா கனம் தாங்காது."

"எனக்கே சொல்லித் தர்றியா மச்சான்? ஒண்ணாவே இறக்கலாம்." இவருக்கு யார் சொன்னால் ஏறும்? வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டியை எஞ்சினிலிருந்து பின்னுக்கு இழுத்தார். ரெண்டும் சேர்ந்து, அண்ணன் வெளியிலிருந்து பிடித்திருந்த ஜாக்கில் உட்கார்ந்தது. வால்பக்கம் அவர் மார்புக்கு நேர் மேலே நின்றது.

விளக்குப் பிடிக்க நான் குனிந்தபோது கழுத்தைச் சுற்றியிருந்த துண்டு நழுவியது.

"என்னடி இது?" என்றான் அண்ணன்.

"கதவு இடிச்சிருச்சு."

"கதவுக்கு அஞ்சு விரலா முளைச்சிருக்கு?"

அண்ணன் கம்பியை மாட்டி ஜாக்கின் திருகைத் தளர்த்தினான். இரும்பு சர்ரென்று இறங்கியது. வண்டிக்கடியிலிருந்து வந்த அலறல் பாதியில் நின்றது.

"எத்தனை நாளாடா நடக்குது?" இன்னும் கொஞ்சம் திருகினான். விலா எலும்பு முறிவது எனக்கே கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நொடி எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்புறம்தான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் நிறுத்தப் போவதில்லை. இந்த நாய்க்காக அவன் ஜெயிலுக்குப் போனால் அவன் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும்.

கம்பியைப் பிடித்தேன். அவன் விடவில்லை. கையைக் கடித்தேன். ஓங்கி ஓர் அறை விட்டான், காது கொய்யென்றது. இருந்தாலும் கம்பியைப் பிடுங்கி, திருகை இறுக்கி, வெறி பிடித்தவள்போல் ஜாக்கை அடித்து ஏற்றினேன்.

புருஷன் ஊர்ந்து வெளியே வந்தான். ஆமாம், இனி என்ன மரியாதை? வாயெல்லாம் ரத்தம். "பாத்தியா... நீ என்னை விட்டுக் குடுக்கல."

"உன்னை யாருடா காப்பாத்தினது? எங்க அண்ணன் கொலைகாரனாகக் கூடாது. அதுக்குத்தான்."

அந்த நிலையிலும் சுவரைப் பிடித்து எழுந்து, என் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினான். ஜாக்கிலிருந்து கம்பியை உருவி மணிக்கட்டில் இறக்கினேன். கை துவண்டு தொங்கியது. ஊளையிட்டுக்கொண்டு தரையில் சரிந்தான்.

"போதும், கம்பியைக் குடும்மா," என்று அண்ணன் பக்கத்தில் வந்தான். என் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீயும் தள்ளியே நில்லுண்ணா," என்றேன்.