நூர் நிஷாவுக்குப் போட்ட பதினேழு

நிதி கொடுப்பதில் இப்படியும் ஒரு முறை உண்டு. கேட்டு வந்தவர்களையே கூட்டி உட்காரவைத்து, உங்களுக்குள் யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிடுவது. மதுரையில் உட்கார்ந்து விண்ணப்பம் படிக்கிறவர்களைவிட ஊர்க்காரர்களுக்குத்தானே ஊர் நிலவரம் தெரியும்?

அப்படித்தான் ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஆறு சங்கங்கள் கூடின. சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. நிதி மூன்று சங்கங்களுக்குத்தான். தன் சங்கத்தை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் மதிப்பெண் போட வேண்டும். ஐந்து கேள்விகள், கேள்விக்குப் பத்து, ஆக ஐம்பது. தாளில் அச்சடித்திருக்கிற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டால் போதும். பெயர் வேண்டாம், எழுத்தே இல்லாததால் யார் போட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. நடத்திவைத்த பூங்கோதை இதையெல்லாம் நிதானமாக இரண்டு முறை சொன்னாள்.

யுவராணி பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கடலுக்கடியில் முங்கிப் பாறையில் பாசி பறிக்கிற எண்பத்துநான்கு பெண்கள். அவர்களுக்கு மீனவர் அட்டை வாங்கித்தர இரண்டு வருஷமாக மனுவும் கையுமாக அலைகிறாள். இந்த நிதி வராவிட்டால் வைகாசியோடு சங்க அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஒவ்வொருவரும் தங்கள் சங்க வேலையைச் சொல்லி முடித்தபிறகு அவள் மனதுக்குள் எடைபோட்டாள். முதல் இரண்டு இடங்களுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மூன்றாவது தனக்கு, இல்லையென்றால் பெரியபட்டினம் நூர் நிஷாவுக்கு.

நூர் நிஷா செவ்வாய்தோறும் மேசை போட்டு உட்காருகிறவள். வளைகுடா நாடுகளில் சம்பளம் வராமல் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டுப் பெண்கள் அங்கே வருவார்கள். பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் வந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, மனு எழுதித் தூதரகத்துக்கு அனுப்பி, பதில் கேட்டு விடாமல் எழுதிக்கொண்டே இருப்பாள். யுவராணியின் அண்ணன் தவசி ஏழு மாதம் வெறுங்கையோடு கிடந்து ஊர் வந்து சேர்ந்தது அந்த மேசையால்தான்.

பூங்கோதை தாள் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்த நூர் நிஷா முழங்கையால் இடித்தாள். "ஏ புள்ள, எனக்குப் பாத்துப் போடு. இல்லாட்டி ஒம் பாசியெல்லாம் மீனு தின்னுட்டுப் போவட்டும்னு துவா கேட்டுருவேன்."

"போங்கக்கா," என்று யுவராணி சிரித்தாள்.

'இந்த வேலை நின்றுபோனால் மக்களுக்கு என்ன நஷ்டம்?' என்பது மூன்றாவது கேள்வி. நூர் நிஷாவுக்கான தாளில் அதற்கு இரண்டில் வட்டம் போட்டாள். எண்பத்துநான்கு பேருக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்ற நான்கிலும் மூன்று, நான்கு என்று கை தானாகவே போயிற்று. கூட்டினால் பதினேழு.

தாள்களை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பூங்கோதை கடைசி விதியைச் சொன்னாள். ஒவ்வொரு சங்கத்துக்கும் வந்த ஐந்து மதிப்பெண்களில் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் அடித்துவிட்டு, நடுவில் இருக்கிற மூன்றுக்குத்தான் சராசரி. "பிரியத்துல ஏத்திப் போடுறதும் ஆத்திரத்துல எறக்கிப் போடுறதும் இதுல தானா கழண்டுரும். முன்னாடியே சொன்னா அதுக்குத் தக்கன போடுவீங்க, அதான் சொல்லல."

பலகையில் எழுதினாள். பெரியபட்டினம்: 41, 43, 40, 42, 17. கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. சிவப்பு மையால் நாற்பத்துமூன்றின் மேல் ஒரு கோடு, பதினேழின் மேல் ஒரு கோடு. சராசரி நாற்பத்தொன்று, இரண்டாம் இடம். பாசிப் பெண்கள் சங்கத்துக்கு முப்பத்தொன்பது, மூன்றாம் இடம்.

இரண்டு சங்கத்துக்கும் கிடைத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். யுவராணியும் தட்டினாள். அவள் கண் அந்தச் சிவப்புக் கோட்டைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குறையைத் தெரிந்து திருத்திக்கொள்ளட்டும் என்று அவரவருக்கு வந்த தாள்களைப் பூங்கோதை திருப்பிக் கொடுத்திருந்தாள். நூர் நிஷா ஐந்தில் ஒன்றை மட்டும் மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"மூணாங் கேள்விக்கு ரெண்டு போட்டுருக்காக, பாரு. மத்தவுகளெல்லாம் மொகத்துக்காகப் போட்டாக. இவுகதான் மனசுல பட்டதப் போட்டுருக்காக."

"வேணும்னே போட்டுருப்பாக, விடுங்கக்கா."

"வேணும்னு எதுக்குப் போடணும்? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" நூர் நிஷா தாளை மடித்தாள். "யோசிச்சேன் புள்ள. அந்தச் செவ்வாக்கெழம மேசைய எடுத்துரலாம்னு இருக்கேன். பத்து மனு போட்டா ரெண்டுக்குத்தான் பதிலு வருது. இந்தக் காசுல தையல் மெஷின் வாங்கிப் போட்டா நாலு பொம்பளைக பொழச்சுக்கும்."

அப்படிப் பதில் வந்தவற்றில் ஒன்று தவசியின் மனு. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை, பாஸ்போர்ட் நகலைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற ஒருத்தி மேசையைக் காணாமல் நிற்பாள்.

"மேசைய எடுக்காதீகக்கா."

"ஏன்?"

"அந்தத் தாளு நான் போட்டது."

நூர் நிஷா முதலில் தாளைப் பார்த்தாள், பிறகுதான் அவளைப் பார்த்தாள்.

"எங்களுக்குக் கெடைக்கணும்னு போட்டேன். வேற ஒண்ணுமில்லக்கா. ஒங்க வேலையில ஒரு குத்தமுமில்ல."

பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்கிறவள் கூவிக்கொண்டே போனாள். நூர் நிஷா மடித்த தாளை மற்ற நான்கோடு சேர்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஒனக்கு வந்ததுல அம்பது ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா?"

யுவராணி தலையை ஆட்டினாள். அது யார் போட்டது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"நான் போட்டதையும் அடிச்சுப்புட்டாக, நீ போட்டதையும் அடிச்சுப்புட்டாக," என்றாள் நூர் நிஷா. சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

பெரியபட்டினம் பேருந்து வந்து நின்றது. அவள் எழுந்து புர்காவைச் சரிசெய்துகொண்டு, தாள்களைப் பைக்குள் வைத்தாள்.

"மேசை இருக்கும்," என்றாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "தவசி அண்ணன் நல்லாருக்காகளா?"

அதில் குத்தல் இல்லை. எப்போதும் கேட்கிற மாதிரியேதான் கேட்டாள்.

"நல்லாருக்காகக்கா," என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.