திங்கட்கிழமைச் சிவப்பு

திங்கட்கிழமைகளில் மட்டும் நீலம் செத்துப்போனது. அதற்கு வேறு சொல் சிவரூபிக்குக் கிடைக்கவில்லை.

வவுனியாவில் ஒரு ஆய்வுகூடத்தில் அவள் செய்துகொண்டிருந்தது உறுதியான சேதன மூலிகம் என்கிற இரசாயனம். சோடியில்லாத ஒற்றை இலத்திரனோடு, எதனுடனும் ஒட்டாமல் மாதக்கணக்கில் தனியே நிற்கிற அழுத்தக்காரப் பொருள். சரியாக வந்தால் கடும் நீலம். திங்களில் மட்டும், கடைசியாகக் கழுவும்போது, குடுவைக்குள் யாரோ வெற்றிலை துப்பியதுபோல மெல்லச் சிவந்தது. இது நாலாவது திங்கள்.

“உங்கட பூவரசங்குளத்துப் பேய் பஸ்ஸில கூட வருது போல,” என்று அவளுடைய ஊரை இழுத்தான் பக்கத்து மேசை முன்ஸிர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலும் நிம்மதியில்லை. அக்கா வினோஜாவின் இரண்டு மாதக் குழந்தை, பால்மாவில் வளர்கிற பிள்ளை, நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டு போனது. உதடெல்லாம் கருநீலம். நாவூறு என்று அம்மா மிளகாய் சுற்றி எரித்தார். வெயிலேறிய அந்தக் காலை நேரத்திலும் சிவப்பைப் பார்க்கச் சிவரூபிக்கு முதுகு கூசியது.

திங்களில் மட்டும் என்ன வித்தியாசம்? தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற வடிகலன் சனி ஞாயிறு ஓடாததால் வடித்த தண்ணீர் இருக்காது. வீட்டிலிருந்து குடிக்கக் கொண்டுவரும் கிணற்றுத் தண்ணீர்க் கானைச் சரித்துத்தான் கழுவுவாள். அவர்களுடைய கிணற்றைப்போல ஊரில் வேறில்லை என்று குடும்பத்துக்கே பெருமை. படித்த முட்டாள்!

சோதனைக்குழாயில் கொஞ்சம் நீலம், ஒரு சொட்டு அமிலம், கிணற்றுத் தண்ணீர். மெல்லச் சிவந்தது. இந்த நீலத்தை இப்படிக் கொல்வது நைத்திரைற்று என்கிற உப்பு. வயலுக்கு எறிந்த யூரியா கிணற்றில் இறங்கினால் அந்த உப்பாக மாறும். விடை கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அக்காவின் பிள்ளையின் உதடு கண்முன் வந்தது. கைக்குழந்தையின் இரத்தத்தில் அது சேர்ந்தால் உடம்பு நீலம் பாரிக்கும்.

போன் எடுத்தாள். “அக்கா, அந்தத் தண்ணியில பால் கரைக்காதேங்கோ!”

“ஏனடி? நீ சொன்னபடி வடிவாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறன். பாதியா வத்துமட்டும் கொதிக்க வைக்கிறனான். இப்பதான் குடிச்சிட்டுப் படுத்தவள்.”

வற்றுவது தண்ணீர்தான். நைத்திரைற்று வற்றாது, செறிவாகும்.

“ஓட்டோ பிடிச்சு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பிள்ளையத் தூக்குங்கோ அக்கா!”

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. அக்கா குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு இன்னும் சத்தமாக, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.