நான்கு வெள்ளிக் கிண்ணங்கள்

பானுப்ரியா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமில்லை. ஜாக்கெட் துணி எடுக்கத் திண்டிவனம் போனவள், எதிரே தேவநாதன் ஆசாரியின் நகைப்பட்டறையில் அரிபிரசாத் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். துணியையும் மறந்து, விழுப்புரத்தில் இருக்கும் பெரியப்பா மகள் அஸ்வினிக்குப் போன் போட்டாள்.

"எக்கா, உன் மாப்பிள்ள ஆசாரிகிட்ட உக்காந்துக்கினு வெள்ளிக் கிண்ணம் எட போட்டுக்கினு இருக்காரு. ஒண்ணு இல்ல, நாலு!"

"எதுக்குடி கிண்ணம்?"

"இது தெரியாதா? கொழந்தைக்குப் பால் பூட்டத்தான். நாலு புள்ளைக்கு இப்பவே ரெடி பண்றாரு போல. ஒவ்வொண்ணா தொடச்சித் தொடச்சி வெக்கறாரு, பாக்கவே அவ்ளோ அழகா இருந்துது."

அஸ்வினிக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அவள் பிரசவ வார்டு நர்ஸ். ஒன்றைப் பெற்றெடுப்பதற்குள் பெண்கள் படுகிற பாட்டைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். நாலாம், நாலு! கல்யாணத்துக்கு இன்னும் இருபதே நாள். நிச்சயமானதிலிருந்து போனில் பேசுகிறபோதெல்லாம் தன்னுடைய டர்போ கார், அதன் இன்ஜின் என்று அளந்தானே, இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா? கட்டிக்கப் போகிறவளைக் கேட்காமல் இதையே முடிவு பண்ணுகிறவன் நாளைக்கு வேறு எதைக் கேட்டுச் செய்யப் போகிறான்? நேருக்கு நேர் கேட்டுவிடுவது, பதில் சரியில்லையென்றால் நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள்.

அரிபிரசாத் வேலை செய்வது பிரான்சிஸின் லேத்துப் பட்டறையில். கிளியனூர் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட இடம். வாசலில் அவனுடைய கார் பானட் திறந்து நின்றது. அஸ்வினி வந்த வேகத்தைப் பார்த்ததும் பிரான்சிஸுக்கு விஷயம் சரியில்லை என்று பட்டுவிட்டது. "வாம்மா தங்கச்சி, பேசிக்கினு இருங்க, நான் டீ வாங்கியாறேன்" என்று நைசாக நழுவிவிட்டார்.

"என்னாங்க, நாலாமே?" என்றாள் அஸ்வினி.

அரிபிரசாத்தின் முகம் மலர்ந்தது. "உனக்கு யாரு சொன்னா? ஆமா, நாலும் ஒரே எட. ஒரு கிராம்கூட முன்ன பின்ன இல்ல!"

"பொறக்கறதுக்கு முன்னாலயே எட போட்டாச்சா?"

"பின்ன, போடாம எப்படி? ஒண்ணு மட்டும் மூணு கிராம் கூட இருந்துது. பிரான்சிஸ் அண்ணன் அடியில கொஞ்சம் செதுக்கி எடுத்துட்டாரு."

"அடப்பாவிங்களா! செதுக்கிட்டீங்களா?"

அவள் போட்ட கூச்சலில் மிரண்டுபோய், அவன் மேஜை மேலிருந்த சிவப்புத் துணியை விலக்கிக் காட்டினான். இன்ஜினுக்குள் ஏறி இறங்குகிற நான்கு பிஸ்டன்கள். மேலே லேசாகக் குழிந்து, வழவழவென்று, தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் என்றுதான் யாரும் சொல்வார்கள். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை ஆசைப்பட்டுக் கூட்டியதில் கம்பெனி பிஸ்டன் ஒலக்கூர் தாண்டும்போது உடைந்துவிட்டதாம். அதனால் பிஸ்டனைத் தாங்குகிற இரும்பு ராடு முதற்கொண்டு உள்ளே எல்லாம் கெட்டியானதாக மாற்றுகிறானாம். நாலு பிஸ்டனும் ஒரே எடை இல்லாவிட்டால் இன்ஜின் உதறும். காய்கறிக்கடைத் தராசு அதற்கு ஆகாது. பிரான்சிஸ் எந்த இன்ஜின் பிரித்தாலும் எடை போட ஆசாரி பட்டறைக்குத்தான் போவார்.

அஸ்வினிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் வந்த கோபத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோக மனசில்லை. பக்கத்தில் டேப் ஒட்டிய பெட்டி ஒன்று கண்ணில் பட்டது.

"அது இன்னா?"

"அதுவும் பிஸ்டன்தான். ரெண்டு செட்டு வரவெச்சோம். அத்த சாயங்காலம் கூரியர்ல திருப்பி அனுப்பறோம்."

"மட்டமா?"

"மட்டமா! பலம்னா அதுதான் பலம். ரேசுக்குப் போடறது. ஆனா சூடானா ரொம்ப விரியும், அதனால சிலிண்டர்ல கொஞ்சம் லூசா விட்டுத்தான் போடணும். காலையில ஸ்டார்ட் பண்ணா டக டகன்னு அடிச்சிக்கினே இருக்கும். சூடேற பத்து நிமிஷம் நின்னுட்டுத்தான் எடுக்கணும். இந்தக் கிண்ணம் இருக்குதே, இது அவ்ளோ விரியாது. பலம் ஒரு படி கம்மிதான், ஆனா சத்தம் இல்ல."

"உங்களுக்கு எது புடிச்சிது?"

பெட்டியைப் பார்த்தான். "அதுதான்."

"அப்பறம் ஏன் அத்த அனுப்பறீங்க?"

"கல்யாணம் ஆனா, ஏழு மணி டூட்டிக்கு இங்கேருந்து விழுப்புரம் போவணும் நீ. கெளம்பற லட்சணத்ததான் நீயே போன்ல சொல்லியிருக்கியே, ஒரு கையில சீப்பு, ஒரு கையில இட்லி. வண்டி சூடாவட்டும்னு பத்து நிமிஷம் நிப்பியா நீ?"

"நானா?"

"பின்ன யாரு? நீதான வண்டி எடுத்துக்கினு போவப்போற. நான் பட்டறைக்கு நடந்தே வந்துருவேன்."

அஸ்வினி மோதிரத்தை விரலோடு அழுத்திக்கொண்டாள். தான் சாப்பிடுகிற இட்லி வரைக்கும் கணக்கில் வைத்துக்கொண்டு ஒருத்தன் இன்ஜின் கட்டுகிறான். இவனிடமா மோதிரத்தைக் கழற்ற வந்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. ஏனென்றால் நிச்சயம் முடிந்த மறுநாள், "கார் ஓட்டுவியா?" என்று அவன் கேட்டதற்கு, கெத்தாக, "ஓ, நல்லா ஓட்டுவேனே" என்று விட்டிருந்தாள். ஸ்டீயரிங்கைத் தொட்டுத் துடைத்ததுகூடக் கிடையாது.

"ஏங்க," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்னிக்குச் சும்மா சொல்லிட்டேன்."

அரிபிரசாத்தின் கண் மெல்ல அந்தப் பெட்டிப் பக்கம் போனது. கையும் டேப்பை உரிக்கப் போனது.

"கைய எடுங்க!" அஸ்வினி பெட்டி மேல் கையை வைத்தாள். "அது திரும்பிப் போவட்டும். எனக்குக் கத்துக்குடுங்க, இருபது நாள் இருக்குது இல்ல?"

"இன்ஜின் வெளிய கெடக்குது, எதுல கத்துக்குடுக்கறது?"

"அதுவும் நல்லதுதான். யார் மேலயும் ஏத்த மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தும்விட்டாள். கீழே குனிந்து, "கால் ரெண்டுதானே, மிதிக்கறது மூணு வெச்சிருக்கான்?" என்று கேட்டாள். அரிபிரசாத் தலையில் அடித்துக்கொண்டே பக்கத்தில் ஏறி, அவள் இடது காலைக் கிளட்ச்சில் வைக்கச் சொன்னான்.

பிரான்சிஸ் மூன்று டீயோடு வந்தபோது, பெட்டி டேப் பிரியாமல் அப்படியே இருந்தது. முன்பக்கம் வெறும் பள்ளமாய்க் கிடந்த காருக்குள் இரண்டு பேரும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அஸ்வினி கியர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"விழுப்புரம்ணே. ஜல்தியா ஏறுங்க, டூட்டிக்கு நேரமாவுது."

பிரான்சிஸ் டீ சிந்தாமல் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.