ஐம்பத்து மூன்றாவது வாரம்

நான் மனையியல் ஆசிரியன். இருபத்திரண்டு வருடமாக யேவ்லே நகரப் பள்ளி ஒன்றில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். மிச்சமான உருளைக்கிழங்கை மறுநாள் என்ன செய்வது, ஒரு வாரச் சமையலை முன்கூட்டியே எப்படித் திட்டமிடுவது, இருக்கிற இடத்தில் இருக்கிறவர்கள் எப்படி இடிக்காமல் இருப்பது, எல்லாம் என் பாடம்தான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரே கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

எனக்கும் பெத்ராவுக்கும் மணமுறிவு ஆனபோது எங்கள் மகன் மெல்க்கருக்கு எட்டு வயது. ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு. ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கின்றன. இங்கே யாரும் தேதி சொல்வதில்லை, ஆண்டின் எத்தனையாவது வாரம் என்றுதான் கணக்கு. பல் டாக்டரும் சரி, குழாய் ரிப்பேர்காரரும் சரி, முப்பத்து நாலாவது வாரம் வா, பதினோராவது வாரம் வருகிறேன் என்றுதான் பேசுவார்கள். மெல்க்கர் இரட்டைப்படை வாரங்களில் என்னிடம் வந்தான்.

பிறகு யில்வா என் வாழ்க்கையில் வந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள், பேச்சில் பிரேக் கிடையாது. அவள் மகள் டீரா ஒற்றைப்படை வாரங்களில் அவளிடம் இருப்பாள், மற்ற வாரம் தன் அப்பா யார்க்கரிடம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, தன்மேல் உள்ள காதல் என்று யில்வா நினைத்துக்கொண்டாள். பாவம். ஒருவன் இரட்டை, ஒருத்தி ஒற்றை, ஒரே கட்டில் போதுமே என்று நான் மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் குடிவந்த அன்றே அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உச்சியில் பெரிய எழுத்தில் குறிக்கோள்: 'எதுவும் வீணாகக் கூடாது.' கட்டிலுக்கு அடியில் இரண்டு இழுப்பறை, இடது மெல்க்கர், வலது டீரா. திங்கள் காலை போர்வை மாற்றம். சுவரில் ஒரு படச் சட்டம். டீரா வந்த புதிதில் ஒரு குதிரை வரைந்து, "இது என் ரூமுக்கு" என்று என்னிடம் கொடுத்திருந்தாள். முன்பக்கம் அந்தக் குதிரையைப் போட்டேன், பின்பக்கம் மெல்க்கரின் ஹாக்கி வீரன் படம். வாரம் முடிந்தால் திருப்பி மாட்டினால் தீர்ந்தது. இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஆசிரியர் அறையில் இதைப் படம் வரைந்து விளக்கி நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"நாள் பூரா நான் டைம்டேபிள் பார்த்துத்தான் பஸ் ஓட்டுறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒரு பஸ் ஸ்டாண்டா?" என்பாள் யில்வா.

"பஸ் லேட்டா வரும். நம்ம வீடு லேட்டாகாது" என்பேன் நான்.

அந்த இலையுதிர் காலத்தில் யார்க்கர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கினான். டீராவுக்கு மாடியில் தனி அறை. பிடித்திருந்தால் எல்லா வாரமும் இங்கேயே இருந்துகொள், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது சொல் என்று அவளிடம் சொல்லிவிட்டான். பதினோரு வயதுப் பெண், அவள் இஷ்டம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யில்வா மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"அவ போயிடுவா ரூனே. எனக்குத் தெரியும்" என்றாள் வெளியே வந்து.

அவள் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? ஒற்றைப்படை வாரங்களில் டீராவுக்குப் பிடித்த பான்கேக்கை இரண்டு தடவையாக்கி அட்டவணையைத் திருத்தினேன்.

அந்த ஆண்டுக்கு ஐம்பத்து மூன்று வாரம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை அப்படி வரும். காலண்டர் பார்க்கிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் அட்டவணையில் ஐம்பத்திரண்டு கட்டம்தான் இருந்தது, நான் அட்டவணையைத்தான் பார்த்தேன். ஐம்பத்து மூன்றும் ஒற்றை, அடுத்த ஆண்டின் முதல் வாரமும் ஒற்றை. யார்க்கர் வார எண்ணைப் பார்க்கிறவன். ஐம்பத்து மூன்றாவது வாரம் வந்த டீராவை ஒன்றாவது வாரமும் எங்களிடமே விட்டான். பெத்ரா எண்ணைப் பார்க்காதவள். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உனக்கு, அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஜனவரி முதல் திங்கட்கிழமை, மாலை நாலு மணி. டீரா சளி பிடித்துக் கட்டிலில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஹாக்கிப் பையும் மட்டையுமாக மெல்க்கர்.

"என்னடா இங்க?" என்றேன்.

"நல்லா வரவேற்கிறப்பா!" என்று பூட்ஸைக் கழற்றினான். பதினாலு வயதுக் கால், வாசலே அடைத்துக்கொண்டது.

உடனே பெத்ராவுக்கு ஃபோன் போட்டேன்.

"பெத்ரா, இது ஒண்ணாவது வாரம். ஒத்தைப்படை."

"போன வாரம் அவன் எங்க இருந்தான்?"

"உன்கிட்ட."

"அப்போ இந்த வாரம்?"

நான் அட்டவணையில் ஐம்பத்து மூன்றாவது கட்டத்தைத் தேடினேன். நல்லவேளை, ஃபோனில் தெரியாது.

"இன்னும் அந்த அட்டவணைய வச்சுக்கிட்டு அழுறியா? நான் எதுக்கு உன்ன விட்டு ஓடிவந்தேன்னு இப்பவாவது புரியுதா?" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து யார்க்கருக்கு. அவன் குரலில் தேன். "இடம் இல்லன்னா சொல்லு ரூனே, இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன். அவ ரூம் ரெடியாத்தானே இருக்கு." பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த யில்வாவின் முகம் வெளுத்துவிட்டது.

நான் அறைக்குப் போனேன். மெல்க்கர் சுவரைப் பார்த்தபடி நின்றான். "அப்பா, என் படம் எங்க?"

"அதான் இருக்கே" என்று சொல்லி, ஏதோ மாயவித்தை காட்டுகிறவன்போல் சட்டத்தைத் திருப்பிக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

டீரா புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"நான் போனதும் என் குதிரைய சுவத்துப் பக்கம் திருப்பிடுவியா?"

"அது... ஒரே ஆணி... இடம் வீணாகாம..."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு திங்கக்கிழமையும்" என்று என் வாய் சொல்லிவிட்டது. துல்லியமாகப் பதில் சொல்கிற வியாதி எனக்கு.

"அப்போ நான் இங்க இல்லாதப்போ, நான் இங்க இல்லவே இல்ல" என்றாள். அழவில்லை. எழுந்து வலது இழுப்பறையைத் திறந்து துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மெல்க்கர் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வெளியே போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தான். "இந்த ரூம்ல யாரு தூங்குறா?"

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு அறை இருந்தது. அட்டவணையில் அதன் பெயர் 'வேலை அறை'. உள்ளே என் மேசையும், நான் தொப்பையைக் குறைக்க வாங்கிய துடுப்புப் பயிற்சி மெஷினும் இருந்தன. மொத்தம் நாலு தடவை துடுப்புப் போட்டிருப்பேன். அதன் பிறகு அது என் சட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"யாரும் தூங்கல" என்றேன்.

"அப்போ உன் சட்டைக்கு ஒரு ரூம், எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமா?"

யில்வா சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது. "ரெண்டு வருஷம் முன்னாடியே இதை நானே கேட்டிருக்கணும்" என்றாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நானும் மெல்க்கரும் மெஷினோடு மல்லுக்கட்டினோம். நிலைப்படியில் அது குறுக்கே மாட்டிக்கொண்டது, அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவன். "மனையியல்ல இதுக்கு என்ன சொல்லிக்குடுப்பீங்க சார்?" என்று கேட்டான். ஒருவழியாக அதை எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் சாமான் கூண்டுக்குள் தள்ளினோம். மேசையும் போனது. மெல்க்கர் மெத்தையைத் தரையில் விரித்து, ஹாக்கி வீரனைத் தன் சுவரில் ஒட்டினான். எட்டு மணிக்கெல்லாம் ஆளுக்கு ஓர் அறை. நான் நிம்மதியாக உட்கார்ந்து புது அட்டவணை போட்டேன். இனி இருவரும் ஒரே வாரம் வருவார்கள், ஒரே வாரம் போவார்கள்.

டீரா மட்டும் பையை அவிழ்க்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பையிலிருந்தே எடுத்து உடுத்தினாள். சாப்பாட்டு மேசையில் என்னிடம் உப்பு கேட்க வேண்டுமென்றால்கூட மெல்க்கர் வழியாகக் கேட்டாள்.

அடுத்த திங்கள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். அங்கிருந்து அப்படியே அவரவர் இன்னொரு வீட்டுக்கு. பள்ளி திறந்தாகிவிட்டது, டீரா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பையை யில்வா யார்க்கர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

நான் பழக்கதோஷத்தில் டீராவின் அறைக்குப் போனேன். போர்வை சுருண்டு கிடந்தது. மேசையில் பாதி குடித்த பால் கிளாஸ், ஆரஞ்சுத் தோல், நூலகப் புத்தகம். தரையில் ஒற்றைக் காலுறை. என் கை தானாகப் போர்வைக்குப் போனது. "விடு" என்றாள் யில்வா பின்னாலிருந்து.

"சும்மா துவைக்கத்தான்..."

"விடு ரூனே. ஒரு வாரம் அது அவளோட அழுக்கா இருக்கட்டும்."

சொல்வது சுலபம். யாரும் படுக்காத கட்டில், திரிகிற பால். அந்த மூன்று நாளில் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உடம்பு அரித்தது. ஆனால் பயமும் இருந்தது. அவள் திரும்பி வராவிட்டால் இந்த அறையை என்ன செய்வேன் என்று முதல்முறையாக எனக்கு ஒரு திட்டமும் தோன்றவில்லை. அப்போதுதான் அந்தக் குழந்தைமேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று புரிந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பூட்டில் சாவி திரும்பியது. டீரா. அட்டவணையில் இல்லாத டீரா.

"லைப்ரரி புக்க மறந்துட்டேன்" என்றாள் என்னைப் பார்க்காமல். அறைக்குள் போனாள். நான் சமையலறையில் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

"ரூனே!"

ஓடினேன். அவள் நடு அறையில் நின்றாள். சுவரில் குதிரை, முகம் எங்கள் பக்கம்.

"பால் நாறுது."

"ஆமா."

"நீ எடுக்கலயா?"

"எடுக்கல."

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன்.

முதல் தடவையாக அவள் உதடு கோணியது, சிரிப்பை அடக்குகிற மாதிரி. ஒற்றைக் காலுறையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சமையலறைக்கு வந்து ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றபடி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை என்ன சாப்பாடு?"

"எந்தத் திங்கக்கிழமை?"

"நான் வர்ற திங்கக்கிழமை."

நான் அட்டவணைப் பக்கம் திரும்பினேன். "பாக்காம சொல்லு" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"பான்கேக்" என்றாள். "மெல்க்கருக்கும் சேத்து. அவன் நிறையத் தின்பான்." பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, எந்தப் புத்தகத்துக்காக வந்தாளோ அதை எடுக்காமலே போய்விட்டாள்.

உடனே யில்வாவுக்கு ஃபோன் செய்தேன். பஸ்ஸை நிறுத்தத்தில் போட்டுவிட்டு அழுதாளாம், பயணிகள் யாரோ கைக்குட்டை கொடுத்தார்களாம். அன்று பதினேழாம் நம்பர் பஸ் ஆறு நிமிடம் லேட்.

நான் அறைக்குத் திரும்பிப் போனேன். போர்வையைத் தொடவில்லை. குதிரையைத் தொடவில்லை. புத்தகத்தையும் காலுறையையும் தொடவில்லை. பால் கிளாஸை மட்டும் எடுத்துக் கழுவிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக மனையியல் நடத்துகிறேன், நானும் மனிதன்தானே.