திறந்த வண்டிக்கு ஒரு பீரோக் கதவு

அருள்நாதன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆட்களை வேலை வாங்கும் சார்ஜ்மேன். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய திறந்த மோரிஸ் கார் அவருக்கு இன்னொரு பிள்ளை. மடக்குக் கூரையின் துணியை எலி தின்று தீர்த்தபோதும் அவர் கவலைப்படவில்லை. காற்று வாங்கத்தானே திறந்த வண்டி என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வரும் மனைவி லூர்துராணி, பறக்கும் தலைமுடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷமாக முறையிட்டதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மனுஷர் நல்லவர்தான். காதுதான் கொஞ்சம் மந்தம், அதுவும் வீட்டுக்காரி பேசும்போது மட்டும்.

1958 மாசியில் ஒருநாள் காலை லூர்துராணி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. இடது கண் மூடவில்லை. முந்தின நாள்தான் இருவரும் காரில் ஸ்ரீரங்கம் போய் வந்திருந்தார்கள். காத்து பட்டு முகம் இழுத்துக்கொண்டது என்று மன்னார்புரத்தில் அவர்கள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அருள்நாதனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. டாக்டர் வாயிலும் அதையே கேட்க நேருமோ என்று பயந்து, அவளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொள்வார்.

முகம் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக்கூட ஜட்காவில்தான் பயணம். காற்றைத் தடுக்க வழி செய்யாமல் அவளைக் காரில் ஏற்றுவதில்லை, முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று அவர் முடிவு கட்டினார்.

ரயில்வேக்காரர் புத்தி ரயில்வே வழியில்தான் போகும். என்ஜினில் காற்று முன்னால்தான் மோதும். ஆகவே முன் கண்ணாடிக்கு மேல் இன்னொரு முழம் கண்ணாடி வைத்துப் பூட்டினார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு லூர்துராணி ஏறினாள். புதுக்கோட்டை ரோட்டில் வேகம் எடுத்ததும் மப்ளரைக் கழற்றினாள்.

"என்னங்க, வண்டி முன்னால போவுது. என் முடியும் ஏன் முன்னால போவுது?"

அருள்நாதன் திரும்பிப் பார்த்தார். கூந்தல் பின்னாலிருந்து எழும்பி அவள் மூக்கில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தாண்டிக் குதித்த காற்று, காலியாக இருந்த பின்சீட்டில் இறங்கி, அங்கிருந்து திரும்பி வந்து பிடரியில் அறைந்தது. கண்ணாடியை உயர்த்தி அவர் அந்த அடியைப் பலப்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இடித்த புளி போல உட்கார்ந்திருந்தார்.

"வித்துடறேன், லூர்து."

"வித்துட்டு? முதுகுப் பக்கம் ஒரு தடுப்பு வைங்க."

"பலகை வச்சா பின்னால வர்ற லாரி தெரியாது. கண்ணாடி வச்சா, ஒடஞ்சா கழுத்துல குத்தும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம சாப்பாட்டு பீரோவோட கம்பிவலைக் கதவு எப்படி? அடுப்பை நான் எவ்வளவு வேகமா விசிறினாலும் உள்ள இருக்கற பால்ல ஆடை அசையறதில்லையே."

இருபது வருஷ சர்வீஸில் எந்த ஃபோர்மேனும் இப்படிச் சுருக்கமாக அவருக்குப் பாடம் எடுத்ததில்லை. உறையூர் தச்சர் மருதை கதவைச் சீட்டின் அகலத்துக்கு அறுத்து, தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார். முன்சீட்டின் முதுகில், தலைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும்படி, இரும்புப் பட்டை வைத்து அதை முடுக்கினார் அருள்நாதன். கூடுதல் கண்ணாடி கழன்றது. கதவில்லாத பீரோவில் பூனை ராஜ்யம் தொடங்கியது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அந்தக் காற்றில்தான் காவேரிப் பாலத்தில் வண்டியை விட்டார். பாதிப் பாலத்தில் லூர்துராணி மடிக்குள் தீக்குச்சியை உரசி, அதை மெல்ல முகத்தருகே உயர்த்தினாள். சுடர் ஒருமுறை வளைந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது.

அவள் உதட்டைக் குவித்து ஒரே ஊதில் அணைத்தாள்.

ஐந்து மாதமாக அவள் ஊதினால் காற்று வாயோரம் ஒழுகிப் போய்விடும். பாலம் தாண்டியதும் அருள்நாதன் வண்டியை நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து?"

"பத்து நாளாச்சு. போன மாசமே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நரம்புல வீக்கமாம். காத்துக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லைன்னாரு."

வயிற்றில் பாலை வார்த்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் கணக்கு உதைத்தது.

"போன மாசமேவா? நான் ராத்திரி தூங்காம கெடந்தேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா இந்தக் கதவு வந்திருக்குமா?"

அருள்நாதன் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பிவலையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக லூர்துராணி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வந்தாள்.