பாதி விலை அட்டை

கல்லூரியில் தரும் மாணவர் அட்டை கைக்கு வர நாளாகும். டிராவல்ஸ்காரர் தருவது உடனே கிடைக்கும். வெளிநாட்டில் ரயில், மியூசியம், விடுதி எல்லாவற்றிலும் பாதி விலை என்றுதான் இரண்டுக்கும் விளம்பரம். கட்டடக்கலை படிக்கும் சின்னவள் அதற்குள் பெட்டியே கட்டிவிட்டாள்.

"அந்தாளு முழியே சரியில்லடி. காலேஜ் கார்டையே வாங்கிக்கோ," என்றாள் நர்ஸாக இருக்கும் பெரியவள்.

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஊசி குத்திக் குத்தி மனசும் அப்படி ஆயிடுச்சு."

கடையில் டிராவல்ஸ்காரர் சின்னவளின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நகல் எடுக்க உள்ளறைக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் பிடித்தது. உள்ளே இன்னொரு ஆணின் குரல் கேட்டது. சின்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பளபளவென்று ஒரு அட்டையும், அவரே விடுதியில் ரூம் போட்டுத் தந்த ரசீதுமாக வீடு வந்தாள்.

வெளிநாட்டில் போய் இறங்கிய மதியம், மாணவர் விடுதியின் வரவேற்பறையில் அட்டையை நீட்டினாள். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நீங்க காலையிலேயே வந்துட்டீங்களே. மேல ரூம்லதானே இருக்கீங்க?"

திரையில் சின்னவளின் பெயர், அவள் பிறந்த தேதி. படத்தில் வேறொரு முகம்.

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். தட்டியும் கதவு திறக்கவில்லை. வரவேற்பறைப் பெண் தன் சாவியால் திறந்தாள். கட்டில் ஓரத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சின்னவளைக் கண்டதும் தமிழிலேயே கிசுகிசுத்தாள்.

"அக்கா, கீழ வாசல்ல அந்தாளு நிக்கிறானா?"

சின்னவளுக்குப் பெட்டியோடு வந்தபோது வாசற்கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தவன் நினைவுக்கு வந்தான்.

"வேலை வாங்கித் தரேன்னு கூட்டிட்டு வந்தான்கா. இப்ப என் பேரைக்கூட நான் சொல்லக் கூடாதாம், கள்ள பாஸ்போர்ட்ல இருக்கிற பேரைத்தான் சொல்லணுமாம்."

வரவேற்பறைப் பெண் கதவைத் தாழிட்டு, போலீஸுக்குப் போன் செய்தாள். தாழ்வாரத்தில் காலடி நெருங்கியது. கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கி, மறுபடி மேலே போனது.

போலீஸ் வந்தபோது அவன் இல்லை. சின்னவள் போனில் அழுததைக் கேட்டுப் பெரியவள் டிராவல்ஸுக்கு ஓடினாள். கடை பூட்டிக் கிடந்தது. போர்டையும் கழற்றியிருந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெண் சின்னவளின் கையை விடவேயில்லை.

"பயப்படாத. அதான் தப்பிச்சிட்டியே," என்றாள் சின்னவள்.

"நான் தப்பிச்சிட்டேன்கா. உங்க பேர்ல இன்னொருத்தியும் வந்தா. அவளை வழியிலேயே வேற வண்டியில ஏத்திட்டாங்க."